கொவிட் போனது, களைப்பு போகவில்லை: மருந்தைத் தேடும் சோதனைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜாலான் புசாரிலிருந்து சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்து பாருங்கள். கொள்ளைநோய்க் காலம் என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம் வரும். தேக்கா நிலையத்தில் சாப்பிட மேசை கிடைக்காது. நடைபாதையில் தோள் உரசாமல் நடக்க முடியாது. 2023 பிப்ரவரி 13ஆம் தேதி சிங்கப்பூரின் டோர்ஸ்கான் நிலை பச்சைக்குத் திரும்பியது. முகக்கவசங்கள் இழுப்பறைக்குள் போயின. தடுப்பூசிச் சான்றிதழைக் கைப்பேசியில் தேடிக் காட்டிய நாள்களை இப்போது சிரித்துக்கொண்டே பேசுகிறோம்.

ஆனால், அந்தக் கூட்டத்திலேயே மெதுவாக நடக்கும் சிலர் இருக்கிறார்கள். மேம்பாலப் படிக்கட்டைப் பார்த்ததும் சுற்றுவழியாகப் போகிறவர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் தட்டுப்பட்டு நிற்பவர்கள். மின்தூக்கி பழுதான நாளில் நான்காம் மாடி வீட்டுக்கு ஏற முடியாமல் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துவிடுபவர்கள். பரிசோதனைக் கருவியில் ஒற்றைக் கோடுதான் வருகிறது. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரி என்கிறார்கள். உடம்பு மட்டும் பழையபடி இல்லை. “லாங் கொவிட்” எனப்படும் நீண்டகால கொவிட் இதுதான்.

இதற்கு மருந்து உண்டா? ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். நீண்டகால கொவிட்டுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் எந்த நாட்டிலும் இல்லை. ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் உலகம் முழுவதும் நடந்துவரும் பெரிய தேடல் ஒன்று இருக்கிறது. அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நோயாளிக்கும் உதவும், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் உதவும்.

இருநூறு முகங்கள் கொண்ட நோய்

உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இந்நோய்க்கு ஒரு விளக்கம் தந்தது. கிருமி தொற்றி மூன்று மாதமான பிறகும் அறிகுறிகள் இருக்க வேண்டும். அவை குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வேறு எந்த நோயும் அவற்றுக்குக் காரணமாக இருக்கக்கூடாது. களைப்பு, மூச்சிரைப்பு, மூளை மந்தம் ஆகிய மூன்றும் அதிகம் சொல்லப்படுபவை. நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, எழுந்து நின்றால் தலைசுற்றல், மணம் தெரியாமல் போவது என்று ஆய்வுகளில் பதிவான அறிகுறிகள் இருநூறைத் தாண்டும்.

மூளை மந்தம் என்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. வானொலியில் வேலை செய்பவள் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். பாடல் முடிய இருபது வினாடி இருக்கிறது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால், அந்தச் சொல் நாக்குக்கு வரவில்லை. இது எனக்கு வருடத்தில் ஒருமுறை நடந்தால் வியர்த்துவிடும். இவர்களுக்கோ ஒரு நாளில் பத்து முறை நடக்கிறது.

இன்னொன்றையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இவர்களில் பலர் இன்று நன்றாக இருப்பார்கள். வீட்டைக் கூட்டித் துடைப்பார்கள், கடைக்குப் போவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையிலிருந்து எழ முடியாது. உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவு சோம்பல் இல்லை. “நேற்று நல்லாத்தானே இருந்தே?” என்ற கேள்விதான் இவர்களை அதிகம் புண்படுத்துகிறது.

அன்று நூறு நாள், இன்று ஆண்டுக்கணக்கு

கொவிட் வந்த புதிதில் சோதனைகள் வேகமாக விடை தந்தன. பிரிட்டனின் ‘ரிக்கவரி’ ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 16ஆம் தேதி அதன் முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ரெம்டெசிவிர் மருந்துக்கான அனைத்துலகச் சோதனை ஒன்றில் சிங்கப்பூரும் பங்கெடுத்தது. மருத்துவமனையில் இருந்தவர்கள் குணமாக எடுத்துக்கொண்ட காலம் அந்த மருந்தால் 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்தது.

நீண்டகால கொவிட்டுக்கு ஏன் அந்த வேகம் இல்லை? அமெரிக்க நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் 115 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்கியது. அந்தப் பணத்தில் உருவான ‘ரிக்கவர்’ திட்டம் தன் மருந்துச் சோதனைகளை 2023 ஜூலையில்தான் தொடங்கியது. நோயாளிகள் கோபப்பட்டதில் வியப்பில்லை. தாமதத்துக்கு நிர்வாகக் காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால், அறிவியல் காரணங்கள் உண்மையானவை.

மரணத்தை எண்ணலாம், மருத்துவமனையில் கழிந்த நாள்களை எண்ணலாம். களைப்பை எப்படி எண்ணுவது? நோயாளி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அவர் சொல்வதும் நாளுக்கு நாள் மாறும். நோயை உறுதிசெய்ய ஒரு இரத்தப் பரிசோதனைகூட இன்னும் இல்லை. சிலர் மருந்தே இல்லாமல் மெல்ல மெல்லத் தேறுகிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்ட நம்பிக்கையிலேயே சிலருக்குக் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். அதனால்தான் ஒரு பிரிவினருக்கு மருந்தும் இன்னொரு பிரிவினருக்கு அதேபோலத் தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

காரணம் ஒன்றா பலவா என்பதிலும் தெளிவில்லை. கிருமியின் எச்சம் உடலில் தங்கிவிடுகிறது என்கிறது ஒரு கருத்து. நோய் எதிர்ப்பு ஆற்றல் தடம்புரண்டு உடலையே தாக்குகிறது என்கிறது இன்னொன்று. நுண்ணிய இரத்தக் கட்டிகள், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தானாகச் சீராக்கும் நரம்புகளின் கோளாறு என்று வேறு கருத்துகளும் உள்ளன. ஒருவேளை இவை எல்லாமே, வேறு வேறு ஆள்களிடம், உண்மையாக இருக்கலாம். அப்படியானால், எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர்த்து ஒரே மருந்தைக் கொடுத்தால், சிலருக்குக் கிடைத்த பலன்கூடச் சராசரியில் மறைந்துபோகும்.

இதுவரை வந்த விடைகள்

முதலில் பாக்ஸ்லோவிட். கிருமியின் எச்சம்தான் காரணம் என்றால், கிருமியை அடக்கும் மருந்து வேலை செய்ய வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 155 பேருக்கு 15 நாள் கொடுத்துப் பார்த்தது. 2024 ஜூனில் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் மருந்து எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. யேல் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையிலும் 15 நாள் பாக்ஸ்லோவிட் பலன் தரவில்லை. ஆனால், அந்தச் சோதனை நடந்த விதம் கவனிக்க வேண்டியது. படியேற முடியாதவரை வாராவாரம் மருத்துவமனைக்கு வரச் சொல்வது நியாயமா என்று யோசித்து, மருந்தை வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள்.

அடுத்தது நம் வீடுகளுக்கு மிகவும் தெரிந்த மாத்திரை: மெட்ஃபார்மின். நீரிழிவுக்காக நம் அப்பா அம்மா பலரின் மாத்திரை டப்பாவில் இருப்பது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் தலைமையில் நடந்த சோதனையில், உடல் எடை கூடிய, 30 முதல் 85 வயது வரையிலானவர்களுக்குத் தொற்று கண்ட சில நாள்களுக்குள் மெட்ஃபார்மின் கொடுத்து, மொத்தம் 14 நாள் தொடர்ந்தார்கள். பிறகு 1,126 பேரை ஏறக்குறைய பத்து மாதம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10.4 விழுக்காட்டினருக்கு நீண்டகால கொவிட் என்று மருத்துவர் உறுதிசெய்தார். மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் அது 6.3 விழுக்காடு. அதே சோதனையில் ஐவர்மெக்டினுக்கும் ஃப்ளுவோக்சமினுக்கும் அந்தப் பலன் இல்லை. 2023ல் இந்த முடிவு வெளியானது.

இதைப் படித்ததும் அம்மாவின் டப்பாவைத் திறந்துவிட வேண்டாம். அந்தச் சோதனை, வந்துவிட்ட நீண்டகால கொவிட்டைக் குணப்படுத்தியதாகச் சொல்லவில்லை. வருவதற்கு முன்பே, தொற்றின் முதல் நாள்களில் தொடங்கினால் வாய்ப்பு குறைகிறது என்று மட்டுமே காட்டியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெட்ஃபார்மின் ஆபத்தாகவும் முடியலாம்.

மூன்றாவது, மாத்திரையே இல்லாத சோதனை. கொவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியும் தேறாத 585 பேரைப் பிரிட்டனின் ‘ரீகெயின்’ ஆய்வு சேர்த்தது. ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் இணையம்வழி குழுவாக உடற்பயிற்சியும் மனநல ஆதரவும் தரப்பட்டன. அவர்களின் வாழ்க்கைத்தரம் ஓரளவு மேம்பட்டது. ஓராண்டுக்குப் பிறகும் அது நீடித்தது. ஆனால், உழைத்தால் சரிந்துவிடும் வகை நோயாளிக்கு உடற்பயிற்சி தீங்காகலாம். மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் “ஓடினால் சரியாகிவிடும்” என்று யாரையும் தள்ளக்கூடாது.

நம் மூலிகையும் இந்தத் தேடலில் இருக்கிறது. தமிழில் அமுக்கரா என்று அழைக்கப்படும் அஸ்வகந்தாவை நீண்டகால கொவிட் நோயாளிகள் 2,000 பேரிடம் சோதிப்பதற்காக இந்திய ஆயுஷ் அமைச்சும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் 2021ல் கைகோத்தன. பாட்டி வைத்தியமாக இருந்தாலும் வெற்று மாத்திரையோடு மோதிப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்ற நிலைக்கு நாம் வந்திருப்பது நல்ல மாற்றம்.

சென்னை ஒருமுறை உலகுக்குச் சொன்னது

“தோல்வி, தோல்வி என்றே வருகிறதே, இந்தச் சோதனைகளால் என்ன பயன்?” என்று கேட்கலாம். அதற்கு 1956ஆம் ஆண்டு மெட்ராஸுக்குப் போக வேண்டும்.

அப்போது காசநோய் என்றால் சானடோரியம். ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று இல்லாமல் அந்நோய் குணமாகாது என்பது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. இந்தியாவிலோ நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் மிகக் குறைவு. சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒரு கேள்வியைக் கேட்டது. அதே மாத்திரைகளை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் என்ன? ஏழ்மையான, நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள்.

1959ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அந்த விடையால் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படும் காலம் தொடங்கியது. கோடிக்கணக்கானவர்கள் குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெற முடிந்தது. அந்த நிலையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பின்னர் சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து, சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்க உதவிய சோதனைகளை இங்கே நடத்தின.

“இது உதவாது” என்று தெரிவதும் ஒரு விடைதான். சானடோரியம் தேவையில்லை என்று தெரிந்ததால்தான் அடுத்த வழி திறந்தது.

தங்குவிடுதியில் 42 நாள்

நமக்கு இன்னும் அருகில் நடந்த சோதனை ஒன்று உண்டு. 2020ல் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொவிட் காட்டுத்தீயாகப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி, தங்குவிடுதி ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. ஞாயிறன்று லிட்டில் இந்தியாவில் நம் பக்கத்தில் நின்று தேநீர் குடிக்கும் தம்பிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்.

அந்த நாள்களில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஒரு தங்குவிடுதியில் தடுப்பு மருந்துச் சோதனை நடத்தினார்கள். மாடி மாடியாகப் பிரித்து, ஐந்து வகை மருந்துகளை 42 நாள் ஒப்பிட்டார்கள். ஆய்வில் கணக்கிடப்பட்ட 3,037 பேரும் ஆண்கள். சராசரி வயது 33. தொண்டையில் அடிக்கும் போவிடோன் அயோடின் தெளிப்பானும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும், வைட்டமின் சி மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிடும்போது தொற்றைக் குறைத்தன. அப்போது பலரும் தேடி அலைந்த ஐவர்மெக்டின் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. 2021ல் ஆய்விதழில் இது வெளியானது.

அந்த 3,037 பேரை நாம் மறந்துவிட்டோம். இன்னொரு கேள்வியும் எனக்கு உண்டு. வெளியே போக முடியாத காலத்தில், மருத்துவர் வந்து “சேர்கிறீர்களா?” என்று கேட்டால், முதலாளிக்கும் விடுதிக்கும் கட்டுப்பட்டு வாழும் ஒருவரால் “வேண்டாம்” என்று மனம்விட்டுச் சொல்ல முடியுமா? இது அந்த ஆய்வின்மீது குற்றச்சாட்டு இல்லை. எந்தச் சோதனையிலும், எந்த நாட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது; மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று கையெழுத்திட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மொழியில் தெரிந்திருக்க வேண்டும்.

காசு கரையும் இடம்

என் நண்பர் ஒருவர், வயது நாற்பதைத் தொடாதவர், கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். 2022ல் தொற்று வந்து போன பிறகு, மதியம் இரண்டு மணிக்கு மேல் எண்கள் மங்கலாகிவிடும் என்பார். முதல் ஆறு மாதத்தில் அவர் செலவழித்தது சில ஆயிரம் வெள்ளி. நரம்புவழி வைட்டமின், இணையத்தில் வாங்கிய மாத்திரைகள், ‘நச்சு நீக்கும்’ சிகிச்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக முயன்றார். “எதுவும் செய்யாமல் சும்மா இருக்க முடியலடா சாமி” என்றார். அந்தத் தவிப்பு புரிகிறது. அதை விற்பனையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் புரிகிறது.

சோதனையில் சேர்ந்தவருக்கும் மருந்து பலன் தராமல் போகலாம், பக்கவிளைவும் வரலாம். ஆனால், அவருக்கு நடந்தது பதிவாகிறது; அடுத்தவருக்கு உதவுகிறது. காசு கொடுத்து முயல்பவருக்கு நடப்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. ஒரு முக்கிய அடையாளத்தை நினைவில் வையுங்கள்: முறையான மருந்துச் சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்குப் பொதுவாக உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். “சோதனை” என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால் அங்கேயே நில்லுங்கள்.

சேர நினைத்தால்

சிங்கப்பூரில் மருந்துச் சோதனைகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் மேற்பார்க்கிறது. நெறிமுறைக் குழு ஒன்றும் ஒவ்வோர் ஆய்வையும் பரிசீலிக்க வேண்டும். இங்கு நடக்கும் சோதனைகளின் பதிவேட்டை ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். இந்தியாவில் நடப்பவற்றுக்கு இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தக மருத்துவரையோ பாருங்கள். தைராய்டு, இரத்தச்சோகை, நீரிழிவு, இதயக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இதே களைப்பைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

இந்த மருந்து இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டுள்ளது? என்ன பக்கவிளைவுகள் வந்தன?

எனக்கு வெற்று மாத்திரை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு?

எத்தனை முறை வர வேண்டும்? போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள்? வீட்டிலிருந்தே பங்கேற்க முடியுமா?

எனக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு?

இப்போது சாப்பிடும் மருந்துகளை, சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, நிறுத்த வேண்டுமா?

பாதியில் விலகினால் என் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படுமா? (காரணம் சொல்லாமலே, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக்கூடாது.)

ஆய்வு முடிந்ததும் முடிவை எனக்குச் சொல்வீர்களா?

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தயங்கவே வேண்டாம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ படிவம் வந்தால், பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள். ஆனால், முடிவை அவர்களிடமே விடுங்கள். “நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்பது ஒப்புதல் ஆகாது.

நோய் எதிர்ப்பு ஆற்றலைச் சீராக்கும் பாரிசிட்டினிப், இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் ஐவாப்ரடின் போன்ற மருந்துகளும் சோதனைக்கு வந்துள்ளன. எல்லாருக்கும் ஒரே மருந்து என்ற எண்ணம் குறைந்து, எந்த வகை நோயாளிக்கு எந்த மருந்து என்று பிரித்துப் பார்க்கும் போக்கு வளர்கிறது. விடை நாளைக்கே வந்துவிடும் என்று நான் சொல்லப் போவதில்லை. அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. களைத்துப்போனவர் உட்கார இடம் கொடுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள். அதற்கு எந்த ஆணையத்தின் அனுமதியும் தேவையில்லை.